வண்டிப் பங்கு

ஜன்னல் ஓரத்துல நீங்களே இருங்கம்மா. எனக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணுதான். வண்டியில எடத்துக்குச் சண்ட போடுற ஆளு நான் இல்ல. இந்தப் பையை மட்டும் உங்க காலுக்குப் பக்கத்துல வச்சுக்கிறேன். வெத்தல, பழம், பத்திரிகை எல்லாம் இருக்கு. என் மக ரஞ்சனிக்குக் கல்யாணம், வர்ற மாசம். எட்டயபுரத்துல என் தம்பி இருக்கான், அவனுக்குப் பத்திரிகை வைக்கப் போறேன். பொண்ணுக்குத் தாய்மாமன்ல, நேர்ல போயித்தான வைக்கணும்.

நீங்க தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு. எட்டயபுரம் வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணை ஆச்சு.

ஒண்ணு கேக்குறேன், மனசுல பட்டதச் சொல்லுங்க. சாமி காரியத்துல பொய் சொல்லலாமா? கூடாதுல்ல? அதத்தான் நானும் சொன்னேன். அதுக்குத்தான் என் கூடப்பொறந்தவுக ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய நடு வீட்டுல நிக்க வச்சுக் கேள்வி கேட்டாக. நீங்க பாக்கப் படிச்சவுக மாதிரி இருக்கீங்க. நீங்களே நாயம் சொல்லுங்க.

எனக்கு அண்ணன் ஒண்ணு, தம்பி ஒண்ணு. நடுவுல நான். தம்பி பொன்ராசு கடைக்குட்டி. அவன எங்கம்மா பெத்துப் போட்டதோட சரி, இடுப்புல தூக்கித் திரிஞ்சது நான்தான். என் மூக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அவனுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாளா பிள்ளை தங்கல. ரெண்டு தடவ உண்டாகி ரெண்டு தடவையும் கலைஞ்சு போச்சு. அவன் பொண்டாட்டி செல்வி, குலசாமிக்கு நேந்துக்கிட்டா. ஐயனாரே, ஒரு பிள்ளையக் குடு, உன் வாசல்ல மொட்ட போட்டுக் காது குத்தி கிடா வெட்டுறேன்னு. அப்புறம் பொறந்தவன்தான் மிதுன். தங்கமான பிள்ளை. அத்தைன்னா உசுரு. நான் போனா என் முந்தானைய விடமாட்டான். இப்ப என்ன பண்றானோ.

சரி, கதைக்கு வர்றேன். காது குத்து வைக்கணும்னு முடிவாச்சு. கோயிலு விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு, காட்டுக்குள்ள. எல்லாருமாச் சேர்ந்து வேன் பிடிச்சுப் போயிப் பொங்க வச்சுட்டு வருவோம்னு அண்ணன் சொன்னாக. வேன் வாடகை, சமையக்காரரு, பந்தல் இதெல்லாம் அண்ணனும் தம்பியும் ரெண்டு பங்காப் போட்டுக்கிறது, கிடாயும் காது குத்துச் செலவும் தம்பி பொறுப்புன்னு பேச்சு. நான் விடல. அதென்ன ரெண்டு பங்கு, மூணாப் போடுங்க, எனக்கும் அது பொறந்த வீட்டுச் சாமிதானன்னு கேட்டேன். கட்டிக்குடுத்த பிள்ளைக்குப் பங்கு எதுக்குன்னு அண்ணன் சிரிச்சாக. நான் கேக்கவே இல்ல. அன்னைக்கே பணத்த எண்ணித் தம்பி கையில குடுத்துட்டேன். நானாக் கேட்டு வாங்குன பங்கும்மா அது. அத நெனப்புல வச்சுக்கோங்க.

அன்னைக்குக் காலையில அண்ணன் வீட்டு வாசல்ல வேன் வந்து நிக்குது, தம்பி குடும்பம் முந்துன நாளே அங்க வந்தாச்சு. நான் பட்டுச்சேல கட்டி, மருமகனுக்கு மோதிரம் எடுத்துக்கிட்டுப் போறேன். முன் சீட்டுல அண்ணன். அடுத்த சீட்டுல தம்பியும் செல்வியும் பிள்ளையும். அதுக்கடுத்த சீட்டுல செல்வியோட அண்ணன். சிங்கப்பூர்ல இருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்திருந்தாரு. அவரு மடியில வச்சுத்தான காது குத்தணும். அவரு பெட்டி, அவரு பையி, அவரு கொண்டுவந்த சீர்த்தட்டு, எல்லாத்துக்கும் சீட்டு இருக்கு. எனக்குக் கடைசி சீட்டு. பக்கத்துல சமையல் குண்டா, அதுக்குப் பக்கத்துல கிடா. ஆமாம்மா, வெட்டப்போற கிடா. அது என் பட்டுச்சேல ஓரத்த மென்னுக்கிட்டே வருது.

நான் ஒரு வார்த்த சொல்லல. உட்கார எடம் குடுத்தாகளே, அதுவே பெருசு. செல்வி திரும்பிப் பாத்து, மதினி, வசதியா இருக்கான்னு கேட்டா. எனக்கென்ன, கிடாயும் நானும் பேசிக்கிட்டு வர்றோம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். மோதிரத்த எடுத்து முன்னாடி குடுத்து விட்டேன். அது கை மாறிக் கை மாறிப் போச்சு. சிங்கப்பூர்க்காரரு வாங்கி வெளிச்சத்துல பாத்துட்டு, கிராமுக் கம்மியாத் தெரியுதேன்னாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. நான் அதையும் மனசுல வைக்கல. எனக்கு அதெல்லாம் மனசுல நிக்கவே நிக்காது.

பந்தல்குடிகிட்ட டீ குடிக்க நிப்பாட்டுனாக. யாரும் எறங்கல, டீயை வண்டிக்கே வாங்கியாந்தாக. எல்லாருக்கும் குடுத்து முடிச்சுப் பின்னால வர்றப்ப ஒரு கிளாஸ் கொறையுது. பரவாயில்ல, நான் டீ குடிக்கிறத விட்டு ரொம்ப நாளாச்சுன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்துலதான் என் போனு அடிக்குது.

நெடுங்குளத்துல எங்கப்பாவுக்குப் பங்காளி ஒருத்தரு. எங்களுக்குப் பெரியப்பா முறை. வரப்புத் தகராறுல ரெண்டு வீட்டுக்கும் பேச்சு முறிஞ்சு எத்தனையோ காலமாச்சு. ஆம்பளைக பேசிக்க மாட்டாக. ஆனா அவரு மக மாரியும் நானும் ஒண்ணாப் படிச்சவளுக. எங்களுக்குள்ள மட்டும் போனு உண்டு. அவதான் பேசுறா. அழுகுறா. கனி, அப்பாவ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாகங்கிறா.

நான் போனை வச்சேன். வச்சுட்டு, நெடுங்குளத்துப் பெரியப்பா செத்துப்போனாராம்னு சொன்னேன்.

அம்புட்டுத்தான். டீக் கிளாஸ் வச்சிருந்த கை அப்படியே நிக்குது. பங்காளித் தீட்டுல்ல? உங்க பக்கம் எப்படியோ தெரியாது, எங்க பக்கம் காதுல விழுந்த நிமிசத்துல இருந்து தீட்டு. பதினாறு கழியாம கோயில் வாசல மிதிக்கக்கூடாது. எனக்குத் தீட்டுக் கெடையாது, நான் வேற வீட்டுக்கு வாக்கப்பட்டவ. நான் பாட்டுக்குப் போயிச் சாமி கும்பிடலாம். அவுக போக முடியாது. பெத்தவுக ரெண்டு பேரும் உள்ள போக முடியாது, பிள்ளையும் போக முடியாது.

செல்வி திரும்பி என்னையப் பாத்தா. மதினி, கோயிலுக்குப் போயி இதச் சொல்லியிருக்கக்கூடாதான்னா. ரெண்டு மணி நேரந்தான மதினின்னா. நான் என்ன சொல்ல? சாமி காரியத்துல மறைக்கச் சொல்றியா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதிலு சொல்றதுன்னு கேட்டேன். அவ பிள்ளைய இழுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டா.

அண்ணன்தான் சொன்னாக, ஆனது ஆச்சு, சாவுல பகை பாக்கக்கூடாது, வண்டிய நெடுங்குளத்துக்குத் திருப்புன்னு. சிங்கப்பூர்க்காரரு மட்டும் பந்தல்குடியிலயே எறங்கிக்கிட்டாரு. அவரு நல்ல காரியத்துக்கு வந்தவரு, எழவு வீட்டுக்கு எதுக்கு. கோயில்ல ஒரு கூட்டமே காத்துக் கெடக்கு, அவுகளுக்குப் போனு போட்டுச் சொன்னாக. வழியில மாலை வாங்குனோம், பெரிய ரோசாப்பூ மாலை. அண்ணன் கோடித்துணி எடுத்தாக. அப்படியே பட்டுச்சேலயும் நகையுமா நெடுங்குளத்துல போயி எறங்குறோம்.

எறங்குனா, சங்குச் சத்தத்தையும் காணோம், பந்தலையும் காணோம். மாரிதான் வாசலுக்கு ஓடியாந்தா. அண்ணன் கையில இருக்கிற மாலையப் பாக்குறா. என்னையப் பாக்குறா. உள்ள கட்டில்ல பெரியப்பா கெடக்காரு. நெஞ்சு ஏறி எறங்குது. பக்கத்துல ஒரு அம்மா கரண்டியால பால் ஊத்திக்கிட்டு இருக்கு.

ஆமாம்மா. உசுரு இருந்துச்சு. இருந்துச்சுன்னா என்ன இருந்துச்சு? பொழுது சாயப் போயிருச்சு. டாக்டரே கைய விரிச்சாச்சு, நான் என்ன பெருசாத் தப்பாச் சொல்லிட்டேன்? கொஞ்சம் முன்னப் பின்ன. காலையில சொன்னதும் சாயங்காலம் நடந்ததும் ஒண்ணுதான. ஆனா அண்ணன் அந்த மாலைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம வாசல்லயே நின்னாக. தம்பி வாங்கிட்டுப் போயி வேனுக்குள்ள சீட்டுக்குக் கீழ ஒளிச்சு வச்சான். கிடா அங்க கெடந்து கத்துது. எழவு வீட்டுல வந்து கத்துதுன்னு யாரோ அத முருங்க மரத்துல கட்டுனாக. சாகக் கெடக்கிறவரு கண்ணத் தொறந்து, யாரு வந்திருக்கான்னு கேட்டாராம். பகை தீத்துப் பாக்க வந்தாகன்னு நெனச்சு அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தக் கைய விட்டுட்டுக் கோயிலுக்குத் திரும்ப அண்ணனுக்கு மனசு வரல. பாருங்க, எவ்வளவு புண்ணியம். நான் சொல்லாட்டி அது நடந்திருக்குமா? இத மட்டும் ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாக.

செல்வி உள்ளயே வரல. வேன்லயே உட்கார்ந்திருந்தா. நான் போயி, வந்து ஒரு எட்டுப் பாரு செல்வின்னேன். உசுரோட இருக்காராமே மதினின்னா. மிதுனுக்கு மொட்டத்தலையில பூசன்னு எடுத்துவந்த சந்தனக் கிண்ணத்த மடியில வச்சுக்கிட்டு இருந்தா.

அப்புறம் என்ன, தீட்டுக் கழியிறதுக்குள்ள சிங்கப்பூர்க்காரருக்கு லீவு முடிஞ்சு போயிட்டாரு. இனி அவரு எப்ப வர, மடி எப்பக் குடுக்க. சமையக்காரரு அடுப்ப மூட்டிட்டாராம், குடுத்த பணம் திரும்பாதுன்னுட்டாரு. பந்தக்காரரும் அதையே சொன்னாரு. வேன்காரரு கோயிலுக்குப் பேசுன வாடகைக்கு மேல நெடுங்குளத்துக்குப் போனதுக்கும் சேத்துக் கேட்டாரு.

கருமாதி முடிஞ்சதும் அண்ணன் வீட்டுல கூடுனோம். அண்ணன் ஒரே பேச்சாச் சொன்னாக. கனி, நீ பொய்யிச் சொன்னதுனாலதான் இம்புட்டும் வந்துச்சு, மொத்தச் செலவும் உன் தலையிலதான்னு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. வேன் ஓடுச்சா இல்லையா? எல்லாரும் ஏறி உட்கார்ந்து போனமா இல்லையா? ஓடுன வண்டிக்கு மூணு பங்கு. என் பங்க நான் முன்னாடியே குடுத்தாச்சு. அதுக்கு மேல சல்லிக்காசு தரமாட்டேன்னு சொல்லிட்டேன். கிடா பக்கத்துல உட்கார வச்சதுக்கு நீங்கதான் எனக்குத் திருப்பித் தரணும்னும் சொன்னேன். கோவத்துல வந்துருச்சு.

செல்வி அழுதா. பணம் போகட்டும், என் பிள்ளையோட நேத்திக்கடன் நின்னுபோச்சே மதினி, வேணும்னேதான சொன்னீங்கன்னு கேட்டா. வேணும்னேயாம்! அவள நான் அப்படி நெனைப்பேனா? நான் ஆறுதலாத்தான் சொன்னேன். செல்வி, சாமியே தடுத்துருச்சுன்னு நெனச்சுக்கோ, ரெண்டு போயி ஒண்ணு நின்ன பிள்ளை, இதுவாவது நெலைக்கட்டும்னுதான் தடுத்திருக்கும்னு சொன்னேன்.

இதுல என்னம்மா தப்பு? நெலைக்கட்டும்னுதான சொன்னேன்?

அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. போட்டது போட்டபடி பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா. தம்பி செருப்ப மாட்டிக்கிட்டே என்னைய ஒரு பார்வ பாத்தான். சின்னதுல அடிச்சாக்கூட அவன் என்னைய அப்படிப் பாத்ததில்ல.

கொஞ்ச நாள் கழிச்சு அவன் மட்டும் எங்க வீட்டுக்கு வந்தான். பணம் கேட்டுத்தான் வர்றான்னு நான் தயாரா இருந்தேன். என்னென்ன பேசணும்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருந்தேன். அவன் உட்காரவே இல்ல. சட்டப்பையில இருந்து ஒரு கவர எடுத்து டிவி மேல வச்சான். அக்கா, நீ வேனுக்குக் குடுத்த பங்கு, மோதிரமும் இதுல இருக்குன்னான்.

எதுக்குடான்னேன்.

அந்த வேன்ல நீ வரலன்னு வச்சுக்கிறோம்க்கான்னான்.

அம்புட்டுத்தான் பேசுனான். தண்ணி குடுத்தேன், குடிக்கல. அவன் போனதும் எங்க வீட்டுக்காரருகிட்ட, பாத்தீகளா, நாயம் செயிச்சுருச்சு, பணம் தானா வீடு தேடி வந்துருச்சுன்னு சொன்னேன். அவுக பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, கிறுக்கச்சின்னாக. நான் கேட்டுக்கல. அந்தப் பணத்துல ஒரு மிக்ஸி வாங்குனேன். அதப் போடுற நேரமெல்லாம் அவன் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வருது. வரலன்னு வச்சுக்கிறோம்னா, பின்ன நான் எங்கதான் இருந்தேன்? கடைசி சீட்டுன்னாலும் அந்த வண்டியிலதான இருந்தேன்?

போன வைகாசியில ரஞ்சனி போனைக் கொண்டாந்து காட்டுனா. செல்வி ஸ்டேட்டஸ் வச்சிருக்கா. ஐயனார் கோயிலு. மிதுன் மொட்டத்தலையில சந்தனம், காதுல கம்மல். செல்வியோட அப்பா மடியில உட்கார்ந்து அழுகுறான். பக்கத்துல அண்ணன், மதினி, எல்லாரும் நிக்காக. பின்னால அதே வேன் மாதிரி ஒரு வேன். என்னையக் கூப்பிடலம்மா. எங்க அத்தையக் காணோமேன்னு அந்தப் பிள்ளையாவது கேட்டிருப்பானா? கேட்டிருப்பான். நான்தான் முந்தானையில முடிஞ்சு முட்டாயி வச்சிருப்பேன்.

அதையும் தாங்கிக்கிட்டேன். இப்ப ரஞ்சனிக்குப் பூ வச்சப்ப, மாப்பிள்ளையோட அம்மா சுத்திமுத்திப் பாத்துட்டு, பொண்ணுக்குத் தாய்மாமன் ரெண்டு பேருன்னு சொன்னீங்க, ஒருத்தரையும் காணோமேன்னு கேட்டாக. வேலையா இருக்காகன்னேன். கல்யாணத்துல எப்படிச் சொல்ல? மாமன் மாலை போட்டு, மாமன் பட்டுக் கட்டி, மாமன் கையப் பிடிச்சுத்தான மணமேடைக்கு வரணும். அண்ணன்கிட்டப் போனேன். தம்பி வந்தா வர்றேன், தம்பி வராத எடத்துக்கு நான் எதுக்குன்னாக. ரஞ்சனி என்கூடச் சரியாப் பேசுறதில்ல. வாயத் தொறந்தா, நீ அன்னைக்கு ரெண்டு மணி நேரம் சும்மா இருந்திருந்தா எனக்கு மாமன் இருந்திருப்பாருல்லம்மாங்கிறா. பெத்த பிள்ளை கேக்குறா.

போன வாரமே எட்டயபுரம் போனேன். அவன் பைக்கு வாசல்ல நிக்குது. கதவத் தட்டுனா செல்வி உள்ள இருந்தே, அவுக இல்லன்னா. மிதுன் சத்தம் கேக்குது, அத்த அத்தங்கிறான். அவன் வாயப் பொத்துனாப்புல இருக்கு, சத்தம் நின்னுருச்சு. வெத்தலைய வாசல்ல வச்சுட்டு வர மனசு வரல. அப்படியே திரும்பிட்டேன்.

இன்னைக்குப் பத்திரிகையோட பணமும் கொண்டுவந்திருக்கேன். என் பங்கு மட்டுமில்ல, மொத்தச் செலவும். அண்ணன் பங்கு, தம்பி பங்கு, சமையக்காரரு, பந்தல், நெடுங்குளத்து வாடகை, எல்லாம். வளையல அடகு வச்சுட்டேன். இத அவன் வாங்கிக்கிட்டாப் போதும். வாங்கிக்கிட்டு, நீதான் எல்லாத்துக்கும் காரணம்னு திட்டட்டும், செருப்பக் கழட்டி அடிக்கட்டும். அந்த வேன்ல நான் வந்தேன்னு ஆயிரும்ல? அம்புட்டுப் போதும்மா எனக்கு.

இந்தா, ஊரு வந்துருச்சு. ரோட்டு மேல அந்தப் பச்சை டேங்குக்குப் பக்கத்துலதான் வீடு.

ஒரு உதவி கேட்டாச் செய்வீங்களா? நீங்களும் எறங்கி என்கூட வாசல் வரைக்கும் வாங்க. தூத்துக்குடிக்கு அடுத்த பஸ்சு ஒடனே வரும், டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன். நான் ஒத்தையாப் போனாத் தொறக்க மாட்டாக. வெளியாளு நின்னா மூஞ்சிக்காகவாவது தொறப்பாக, செல்வி மரியாத தெரிஞ்ச பொண்ணு. உள்ள விட்டுட்டா நான் அவன் காலப் பிடிச்சுக்குவேன். நீங்க ஒண்ணும் பேசவேணாம், சும்மா நின்னாப் போதும். யாருன்னு கேட்டா, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம்னு நான் சொல்லிடுறேன்.

பொய்தான். இருந்தா என்னம்மா, நல்ல காரியம் நடக்கணும்ல?